சீசன் நடுவில் ஹோட்டல் பையன்கள் ஏன் கிளம்பிப் போகிறார்கள்?

கேள்வி இதுதான்: அக்கா மகன் கேட்டரிங் படித்துவிட்டு ஊட்டியில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனில் இருக்கிறான். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மே மாதம் நடுவில் போன் செய்து, "முடியல மாமா, வந்துடறேன்" என்கிறான். ஊரே காசு கொடுத்துப் போகிற இடத்தில், தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் சம்பளமும் வாங்குகிறவனுக்கு என்ன மன அழுத்தம்? பையன் சோம்பேறியா, தொழிலே அப்படியா? விட்டுவிட்டு வரச் சொல்லலாமா?

பையன் சோம்பேறி இல்லை. சோம்பேறியாக இருந்திருந்தால் ஏப்ரலிலேயே பெட்டியைக் கட்டியிருப்பான்.

மலை ஊர் ஹோட்டல்களில் ரிசப்ஷனில் நின்றும், பிறகு ஆட்களை எடுத்துப் பழக்கும் வேலையிலும் ரொம்ப காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வேலை அதிகம் என்பதற்காக மட்டும் விட்டுப் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பழகிய ஆளுக்கு ஒரு நாளில் அறுபது செக்-இன் பெரிய விஷயமே இல்லை. கூட்டம் குவிகிற நாளில் ஒரு வேகமும் உற்சாகமும் தானாக வரும். ராத்திரி எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும்போது அதைப் பேசிச் சிரிப்பார்கள். ஆளை உடைப்பது வேறு. தன் கையில் இல்லாத விஷயத்துக்கெல்லாம் தான் பதில் சொல்ல வேண்டும், அதையும் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். இந்தத் தொழிலின் அழுத்தத்தில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் முந்தின நாள் ராத்திரியே காரில் கிளம்பியிருக்கிறது. மேட்டுப்பாளையம் தாண்டியதும் கல்லாறில் இ-பாஸ் (வண்டியில் மலை ஏற ஆன்லைனில் எடுக்கும் அனுமதி) சோதனை, வரிசை. பர்லியாறில் இன்னொரு நெரிசல். குன்னூர் வரைக்கும் பதினான்கு கொண்டை ஊசி வளைவு, குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு ஹோட்டல் வாசலில் வந்து இறங்குகிறார்கள். செக்-இன் இரண்டு மணிக்கு. அவர்களுக்கு ஒதுக்கிய அறையில் நேற்று வந்தவர்கள் இன்னும் காலி செய்யவே இல்லை. காலையில் படகு இல்லத்துக்குப் போனவர்கள் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ரிசப்ஷனில் நிற்கும் பையன், "இன்னும் பத்து நிமிஷம் சார்" என்கிறான். முக்கால் மணி நேரம் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். பின்னாலேயே இன்னும் நாலு குடும்பம் பெட்டிகளோடு லாபியில் உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் குரலை உயர்த்தினால் மற்ற நாலு பேருக்கும் தைரியம் வந்துவிடும், அதனால் முதல் ஆளை எப்படியாவது அடக்கியாக வேண்டும்.

இதில் அவன் முடிவு செய்யக்கூடியது என்ன இருக்கிறது? எதுவும் இல்லை. சாலை அவன் கையில் இல்லை. அறை தயாராகிற நேரம் அவன் கையில் இல்லை. ஒரு கப் காபி இலவசமாகக் கொடுக்கவே மேனேஜரிடம் கேட்க வேண்டும். மேனேஜர் அந்த நேரத்தில் போனை எடுக்க மாட்டார்.

இ-பாஸ் வந்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கே கட்டுப்பாடு: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலையின் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமான ஏற்பாடுதான் என்பது என் கருத்து. ஹோட்டல்காரர்கள் என்னை அடிக்க வருவார்கள், பரவாயில்லை. ஆனால் பாஸ் கிடைக்காத ஆள் முதலில் போன் போடுவது கலெக்டர் ஆபீஸுக்கு இல்லை, ரிசப்ஷனுக்கு. "ரூம் கேன்சல் பண்ணு, பணத்தைத் திருப்பிக் கொடு" என்பார். புக்கிங் செய்தது ஏதோ ஒரு ஆப்பில், 'பணம் திரும்பாது' என்ற விதியோடு. பணம் ஆப்பிடம் இருக்கிறது, விதியை எழுதியது முதலாளி, வண்டியை நிறுத்தியது அரசாங்கம். திட்டு வாங்குவது உங்கள் அக்கா மகன்.

இன்னும் இருக்கிறது. பள்ளத்தாக்கு தெரியும் அறை என்று கூடுதல் காசு வாங்கியிருப்பார்கள். மூன்று நாளும் மூடுபனி. "எனக்கு வெள்ளைச் சுவரைக் காட்டவா காசு வாங்கினீர்கள்?" மேட்டுப்பாளையம் மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. 46 கிலோமீட்டர் பாதை, 2005இலிருந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், நாளுக்கு ஓடுவது விரல் விட்டு எண்ணக்கூடிய வண்டிகள். மழையில் தண்டவாளத்தில் மண் சரிந்தால் அதுவும் ரத்து. முதுமலையில் யானை தெரியவில்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்று சொன்னால், "நாங்க குடிக்கிறது உனக்குக் கஷ்டமா?" என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே கவுண்டர்.

மனிதர்களைக் குறை சொல்லவும் முடியாது. வருடத்துக்கு ஒரு தடவை, கடனோ சீட்டுப் பணமோ எடுத்து, பிள்ளைகளுக்கு லீவு விட்ட நேரம் பார்த்து வருகிறார்கள். அவர்கள் வாங்க வந்தது சந்தோஷம். அது கிடைக்காதபோது யாரிடமாவது கேட்டுத்தானே ஆக வேண்டும். சினிமா பிடிக்கவில்லை என்றால் டிக்கெட் கொடுத்தவரை யாரும் சட்டையைப் பிடிப்பதில்லை. சுற்றுலாவில் டிக்கெட் கொடுத்தவர்தான் படமும்.

வேலை அழுத்தத்தை ஆராய்ந்தவர்கள் இந்த விஷயத்தை ரொம்ப நாளைக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1979இல் எழுதியதன் சாரம் இது: வேலையின் பளு மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை; பளு அதிகமாகவும் முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் சேர்ந்து இருக்கிற வேலைதான் ஆளைத் தின்னும். பளு இருந்தும் கையில் அதிகாரம் இருந்தால் அதே ஆள் வளருவான். எங்கள் தொழிலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சீசனில் சமையல்கட்டின் தலைமை செஃப் ரிசப்ஷன் பையனைவிட அதிக நேரம் நிற்கிறார், அதிகமாகக் கத்துகிறார், வியர்வையில் குளிக்கிறார். ஆனால் மெனுவில் ஒரு அயிட்டத்தை "இன்னைக்கு இல்லை" என்று அடித்துவிடும் உரிமை அவருக்கு உண்டு. பல வருடம் தாக்குப்பிடிக்கிறார். ரிசப்ஷன் பையனோ ஒரே சீசனில் கருகிவிடுகிறான்.

அடுத்தது அந்தச் சிரிப்பு. ஆர்லி ஹோக்சைல்ட் என்ற இன்னொரு சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, 1983இல் இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் வைத்தார். கையால் செய்கிற வேலைபோலவே, முகத்தாலும் குரலாலும் செய்கிற வேலைக்கும் சம்பளம் இருக்கிறது. அதற்கும் களைப்பு இருக்கிறது. அதில் இரண்டு வகை. உள்ளே கொதித்துக்கொண்டு வெளியே சிரிப்பது ஒன்று. 'பாவம், குழந்தை வாந்தி எடுத்திருக்கிறது, அதனால்தான் இந்த மனுஷன் கத்துகிறார்' என்று உள்ளேயே கொஞ்சம் மாற்றிக்கொண்டு சிரிப்பது இன்னொன்று. முதல் வகைதான் ஆளைச் சீக்கிரம் காலி செய்யும். இரண்டாவதைப் பழகிக்கொண்டவர்கள் கொஞ்சம் தப்பிப்பார்கள். ஆனால் அதற்கு மனதில் கொஞ்சம் இடம் வேண்டும், அந்த இடத்துக்குத் தூக்கம் வேண்டும். தூக்கம்தான் இந்தத் தொழிலில் கிடைக்காத பொருள்.

பிரேக் ஷிஃப்ட் என்று ஒன்று இருக்கிறது. ஹோட்டலில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ரெஸ்டாரன்ட் ஆட்கள் காலை பதினொன்றுக்கு வந்து மூன்றரை வரை, பிறகு மாலை ஏழிலிருந்து பதினொன்று வரை. காகிதத்தில் எட்டரை மணி நேரம். நடுவில் மூன்றரை மணி நேரம் 'ஓய்வு'. ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் மேட்டில் இருக்கும். ஏறிப் போய், கையலம்பி, சாப்பிட்டு, யூனிஃபார்மைக் கழற்றி மாட்டும்போது மணி நாலரை. ஒரு அறைக்கு ஆறு பேர். அதில் ஒருவன் நைட் டூட்டி முடித்துத் தூங்குவான், ஒருவன் வீட்டுக்கு வீடியோ காலில் பேசிக்கொண்டிருப்பான். ஆறரைக்கு மறுபடி ஷேவ் செய்து இறங்க வேண்டும். ஆள் மாட்டிக்கொண்டிருப்பது மொத்தம் பன்னிரண்டு மணி நேரம், கணக்கில் வருவது எட்டரை. ராத்திரி பதினொன்று என்பதும் கடைசி டேபிள் எழுந்தால்தான். கேம்ப் ஃபயர் போட்ட நாளில் ஒரு மணி ஆகும்.

தங்கும் இடம் இலவசம் என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த இலவசத்துக்கு ஒரு விலை இருக்கிறது. ஹோட்டல் வளாகத்திலேயே தங்குகிறவனுக்கு லீவு என்பதே கிடையாது. வாராந்திர விடுமுறையில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பான். "பஸ் ஒன்று வந்திருக்கு, அரை மணி நேரம் லக்கேஜ் மட்டும் பிடி" என்று கதவைத் தட்டுவார்கள். அரை மணி நேரம் சாயங்காலம் வரை போகும். சீசனில் வீக் ஆஃப் ரத்து, ஜூலையில் சேர்த்துத் தருகிறோம் என்பார்கள். ஜூலையில் கேட்டால், "இப்பத்தான் ஆளே வரல, சும்மாதானே இருக்கே" என்பார்கள்.

ஏழு நாளும் பன்னிரண்டு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 84 மணி. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு: வாரத்துக்கு 55 மணி அல்லது அதற்கு மேல் வேலை செய்கிறவர்களுக்கு, 35-40 மணி வேலை செய்கிறவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். அது வருடக்கணக்காக அப்படி உழைப்பவர்களைப் பற்றியது, இரண்டு மாதச் சீசனைப் பற்றியது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஊட்டியில் மே முடிந்தால் அக்டோபரில் பூஜை விடுமுறை, அப்புறம் தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல். சீசன் என்பது இப்போது இரண்டு மாதத்தோடு நிற்பதில்லை.

ஹவுஸ்கீப்பிங் பக்கம் போனால் அழுத்தம் உடம்பில் தெரியும். ஒரு ஆளுக்கு ஒரு ஷிஃப்டில் பதினான்கு, பதினாறு அறை. காலி செய்த அறை ஒன்றை ஒழுங்காகச் சுத்தம் செய்ய அரை மணி நேரமாவது ஆகும். பதினாறு அரை மணி, எட்டு மணி நேரம். அதில் சாப்பிடவோ மாடிப்படி ஏறவோ ஒரு நிமிஷம்கூட இல்லை. நாலு பேர் தங்க வேண்டிய அறையில் ஏழு பேர் தங்கி, பிறந்தநாள் கேக்கைத் தரைவிரிப்பில் தேய்த்துவிட்டுப் போயிருப்பார்கள். பெரிய மெத்தையின் மூலையைத் தூக்கிப் பிடித்து விரிப்பைச் செருக வேண்டும், கட்டிலுக்கு நாலு மூலை. நாற்பது வயதுப் பெண் ஒரு நாளைக்கு அறுபது தடவை அந்த மூலையைத் தூக்குகிறாள். முதுகு வலி வராமல் என்ன செய்யும்? சூப்பர்வைசர் வந்து குளியலறைக் கண்ணாடியில் ஒரு சொட்டு நீர்த் திவலையைக் காட்டி மறுபடி துடைக்கச் சொல்வார். கீழே லாபியில் அதே அறைக்காக அந்தச் சென்னைக் குடும்பம் காத்திருக்கும். ரிசப்ஷன் ஹவுஸ்கீப்பிங்கைத் திட்டும், ஹவுஸ்கீப்பிங் லாண்டரியைத் திட்டும், லாண்டரிக்காரர் மழையைத் திட்டுவார். ஊட்டியில் துணி காயாது.

ஓட்டுநர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே கொஞ்சம் மட்டும். ஒரு தவறு உயிரை எடுத்துவிடக்கூடிய வேலை சுற்றுலாவில் அவர்களுடையதுதான். மலையிலிருந்து இறங்கும்போது செகண்ட் கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்பது உள்ளூர்க்காரருக்குப் பால பாடம். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கோ ராத்திரி ஏழு மணிக்குக் கோயம்புத்தூரில் ரயில். "சீக்கிரம் போங்கண்ணா." காலை நாலு மணிக்கு எழுந்து சூரிய உதயம் காட்டியவர் அவர். முந்தின ராத்திரி எங்கே தூங்கினார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெரும்பாலும் காரிலேயே, கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, டிசம்பர் குளிரில். பயணிகளின் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் ஹோட்டல்கள் கொடுக்க வேண்டும் என்று 2023இல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தியது. நல்ல திருத்தம். பழைய லாட்ஜுகளில் இடமே இல்லை என்கிறார்கள், நடப்பது அதேதான். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. ஒற்றைக் கார் வைத்து ஓட்டுகிறவரும், முதலாளியிடம் நாள் பேட்டாவுக்கு ஓட்டுகிறவரும் அந்தக் கணக்கை வாழ்க்கையில் பார்த்திருக்க மாட்டார்கள்.

பணத்துக்கு வருவோம். சம்பளம் குறைவு என்பதைவிட, சம்பளம் எவ்வளவு என்றே தெரியாது என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். அடிப்படைச் சம்பளம் ஒரு பக்கம், மீதி டிப்ஸ், சர்வீஸ் சார்ஜ். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில், பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்றது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. வாடிக்கையாளராக நானும் அதை வரவேற்கிறேன். ஆனால் அந்தக் காசை மாதக் கடைசியில் பிரித்துக் கொடுத்துவந்த ஹோட்டல்களில், அதற்கு ஈடாக அடிப்படைச் சம்பளத்தை உயர்த்தியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். இலங்கையில் ஹோட்டல் பில்லில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் போட்டு ஊழியர்களுக்குப் பகிர்வது வழக்கம். பலருக்கு வருமானத்தில் பெரும் பங்கே அதுதான். 2018இல் அங்கே 23 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. அடுத்து கொரோனா. 2020இல் வந்தவர்கள் 5 லட்சம், 2021இல் 2 லட்சத்துக்கும் கீழே. வேலை போகாதவர்களுக்கும் வருமானம் போனது. ஊருக்குள் ஒரு குண்டு வெடித்தால், மண் சரிந்தால், புதுக் காய்ச்சல் வந்தால் முதலில் காலியாவது நம் தொழில் என்ற பயம் இந்தத் துறையில் எல்லோருக்கும் அடிவயிற்றில் இருக்கிறது. அதனால்தான் மே மாதத்தில் உடம்பு முடியாவிட்டாலும் லீவு போட மாட்டார்கள். ஜூன் மழையில் 'சம்பளமில்லா விடுப்பு' வரும் என்று தெரியும்.

பெண்களுக்கு இதற்கு மேல் இன்னொரு அடுக்கு. சிரிப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்கிற கெஸ்ட், அறைக்குள் துண்டு கொண்டுவரச் சொல்லிக் கதவைச் சாத்துகிற கெஸ்ட், ராத்திரி ரிசப்ஷனுக்குப் போன் போட்டுப் "பேச்சுத் துணைக்கு" அழைக்கிற கெஸ்ட். "கெஸ்ட்தானே, பெரிசு பண்ணாதே" என்பதுதான் வழக்கமான பதில். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, பணியிடத்துக்கு வந்துபோகிறவர்களிடமிருந்தும் பாதுகாப்பு தருவது முதலாளியின் கடமை என்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். நோட்டீஸ் போர்டில் குழுவின் பெயர்ப் பட்டியல் இருக்கிறதா என்று பார்த்தாலே அந்த ஹோட்டலைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

சரி, அக்கா மகனுக்கு வந்திருப்பது வெறும் களைப்பா, அதற்கு மேலேயா? உலக சுகாதார நிறுவனம் 2019இல் 'பர்ன்அவுட்' என்பதை நோய் என்று வகைப்படுத்தாமல், வேலை சார்ந்த ஒரு நிலை என்று வரையறுத்தது. மூன்று அடையாளம்: உடம்பும் மனமும் வற்றிப்போவது, வேலையின் மீதே ஒரு வெறுப்பும் விலகலும் வருவது, தன்னால் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது. ஹோட்டலில் இந்த இரண்டாவதைப் பேச்சிலேயே கண்டுபிடிக்கலாம். நல்ல நாளில், "அந்த மதுரைக்காரக் குடும்பம், தாத்தாவுக்கு முட்டி வலி, கீழ்த்தள ரூம் கொடு" என்பான். வெறுத்துப்போன பிறகு அதே ஆள், "204 தொல்லை" என்பான். மனிதர்கள் எல்லாம் அறை எண்களாக மாறிவிடுவார்கள். தூக்கத்தில் ரிசப்ஷன் போன் அடிப்பதுபோல் கேட்டு எழுந்து உட்காருவது, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே எரிச்சல், ராத்திரி ஒரு பெக் இல்லாமல் படுக்க முடியாதது எல்லாம் நான் பார்த்த மற்ற அறிகுறிகள். கடைசியாகச் சொன்னதை வீட்டில் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும், திட்டாமல்.

இரண்டு நாள் தொடர்ந்து தூங்கினால் சரியாகிவிடுகிறது என்றால் அது களைப்பு. லீவில் வீட்டுக்கு வந்தும் நாலைந்து நாள் கழித்தும் தூக்கம் வராமல், திரும்பிப் போகும் நாளை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் தள்ளக் கூடாது. மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

முதலாளிகள் இதற்கு என்ன செய்கிறார்கள்? வருடத்துக்கு ஒரு நாள் யோகா வகுப்பு. ஊக்கப் பேச்சாளர் ஒருவர் வந்து, "பிரச்சினையை வாய்ப்பாகப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த வகுப்பும் பிரேக் ஷிஃப்டின் ஓய்வு நேரத்தில்தான் நடக்கும். மாதத்தின் சிறந்த ஊழியர் என்று ஒரு போட்டோ மாட்டுவார்கள். யோகாவில் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. பதினாறு அறையைப் பன்னிரண்டாகக் குறைக்காமல் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதில்தான் விரோதம்.

வேலை செய்வது எது என்றால், அதிகாரத்தைக் கீழே இறக்குவது. ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க, மேலதிகாரியைக் கேட்காமலே ஊழியர் 2,000 டாலர் வரை செலவு செய்யலாம் என்ற விதி உலகப் பிரசித்தம். ஊட்டி லாட்ஜுக்கு 2,000 டாலர் வேண்டாம், 500 ரூபாய் போதும். தாமதமான குடும்பத்துக்குச் சூடாக நாலு டீயும் குழந்தைக்கு ஒரு கிண்ணம் தயிர் சாதமும் கொடுக்கிற உரிமை ரிசப்ஷனில் இருக்கட்டும். இந்த மாதிரி ஒரு சின்ன ஏற்பாட்டைச் செய்த இடத்தில் நான் இருந்திருக்கிறேன். மாதச் செலவு முதலாளி பயந்ததில் கால்வாசிகூட வரவில்லை. பையன்கள் காசை வாரி இறைக்கவில்லை. கையில் இருக்கிறது என்ற தெம்பே பாதிச் சண்டையை அடக்கிவிட்டது. "இருங்க சார், மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்கிறவனின் குரலும், "முதல்ல உட்காருங்க சார், டீ சொல்றேன்" என்று சொல்கிறவனின் குரலும் ஒன்றா?

இன்னொன்று, மோசமான கெஸ்ட் கைநீட்டினாலோ கெட்ட வார்த்தை பேசினாலோ மேனேஜர் கீழே இறங்கி வந்து தன் ஆள் பக்கம் நிற்பது. காசு செலவில்லாத வேலை. ஆனால் ஆன்லைன் ரிவ்யூவில் ஒரு நட்சத்திரம் குறைந்துவிடும் என்ற பயத்தில் இதைச் செய்ய மாட்டார்கள். ரிவ்யூவில் பையன் பெயரோடு குறை வந்தால், கதையை விசாரிக்காமலே அவனுக்கு மெமோ. நல்ல ரிவ்யூவில் பெயர் வந்தால் 200 ரூபாய் பரிசு. அதனால்தான் செக்-அவுட்டில், "சார், ரிவ்யூல என் பேரைப் போடுங்க" என்று கெஞ்சுகிறார்கள். கெஞ்சுகிற ஆளுக்கும் அது பிடிப்பதில்லை, உங்களுக்கும் பிடிப்பதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

அக்கா மகனுக்கு வருகிறேன். இப்போதே விட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டாம். முதலில் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள், அதுவும் மேனேஜர் டீ குடிக்கிற நேரம் பார்த்து, செக்-இன் நேரத்தில் வேண்டாம். வாராந்திர விடுமுறை சீசனிலும் வேண்டும், மற்றவர்களோடு சுழற்சியில் செவ்வாயோ புதனோ எது வந்தாலும் பரவாயில்லை, அன்று கதவைத் தட்டக் கூடாது. அடுத்து, எதை அவனே முடிவு செய்யலாம் என்பதை எழுத்தில் கேட்க வேண்டும்: தாமதமானால் என்ன கொடுக்கலாம், எத்தனை மணி வரை செக்-அவுட்டைத் தள்ளிக் கொடுக்கலாம், அறை இல்லாமல் போனால் எந்த ஹோட்டலுக்கு அனுப்பலாம். லாக் புக்கில் எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதும் பழக்கமும் வேண்டும். ஓவர்புக்கிங் (இருக்கிற அறைக்கு மேல் புக்கிங் எடுப்பது) செய்தது சேல்ஸ் ஆட்கள் என்பது அதில் இருந்தால், பின்னால் பழி இவன் தலையில் விழாது.

சம்பளச் சீட்டு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். இல்லையென்றால் அந்த இடத்தில் பொறுமை காட்டி எந்தப் பயனும் இல்லை, இதே வேலைக்கு வேறு ஹோட்டல் பார்க்கலாம். அவை இருந்து, கேட்ட இரண்டில் ஒன்றாவது கிடைத்தால் ஜூன் வரை பார்க்கலாம். இரண்டும் மறுக்கப்பட்டால் மே மாதமாக இருந்தாலும் கிளம்பலாம், ஆனால் நோட்டீஸ் கொடுத்து, அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு. நடு ராத்திரியில் பஸ் ஏறிவிட்டால் இதுவரையான அனுபவம் கணக்கில் வராது. சீசனில் ஆள் கிடைக்காத நேரம் என்பதால் கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ ஒரு பிசினஸ் ஹோட்டலில் இடம் கிடைப்பது கஷ்டமில்லை. அங்கே வருகிறவர்கள் வேலையாக வருகிறவர்கள். ராத்திரி வந்து காலையில் போய்விடுவார்கள், மூடுபனிக்கு யாரும் ரிசப்ஷனைத் திட்ட மாட்டார்கள்.